நோட்டை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்: எங்கள் சபையின் கேரல் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கேரல் கமிட்டித் தம்பிமார் அனைவருக்கும் தோத்திரம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நீங்கள் மைக்கில் வாசித்த அறிவிப்பைக் கேட்டேன். கேரல் பவனி (கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவது) தங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று விரும்புகிறவர்கள் 10-ஆம் தேதிக்குள் 500 ரூபாய் கட்டி நோட்டில் பெயர் பதிய வேண்டும். சங்கக் காணிக்கை (சபையார் சபைக்குக் கட்டும் சந்தா) பாக்கி இருந்தால் அதையும் சேர்த்துக் கட்டினால்தான் பெயர் ஏறும். வீட்டுக்கு வந்து உலை வைத்த பிறகும் அந்த அறிவிப்பு காதைவிட்டுப் போகவில்லை. நேரில் சொல்லலாம்தான். ஆனால் நேரில் சொன்னால் "சரி டீச்சர், சரி டீச்சர்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். இந்த நோட்டு வழக்கம் நம் சபையில் மட்டும் இல்லை, அக்கம்பக்கத்து ஊர்களிலும் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அதனால் நாலு பேர் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஸ்பீக்கர் வாடகை, ஜெனரேட்டர் டீசல், வேன், கிறிஸ்மஸ் தாத்தாவின் மிட்டாய் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஏழெட்டு இரவு கண்விழித்துப் பாடுகிறீர்கள். பனியில் தொண்டை கட்டிப்போய் பண்டிகை அன்று பேச்சே வராமல் நிற்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல நான் யார்? உங்களில் பாதிப் பேருக்கு ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமை ஒன்றுதான் எனக்கு உண்டு.

அந்த உரிமையில் ஒரு பழைய தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். முப்பது வருஷமாகக் கிறிஸ்மஸ் நாடகத்துக்குச் சத்திரக்காரன் வேஷத்துக்கு ஆள் பிடித்தவள் நான்தான். நல்ல குரல்வளம் உள்ள பையனாகப் பார்த்து, தலையில் துண்டு கட்டி, "இடம் இல்லை, போ!" என்று கத்தச் சொல்வேன். உங்கள் கமிட்டியிலேயே இரண்டு பேர் அப்படிக் கத்தியவர்கள். லூக்கா சுவிசேஷத்தைத் திறந்து பாருங்கள். அப்படி ஓர் ஆளே அதில் இல்லை. "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்" என்று அரை வசனம், அவ்வளவுதான். வேதபாட வகுப்புக்கு வந்த ஓர் ஐயர் (போதகர்) சொல்லித்தான் எனக்கு அடுத்த விஷயமும் தெரிந்தது. அங்கே லூக்கா எழுதியிருக்கும் கிரேக்கச் சொல் கட்டலுமா. விருந்தாளிகள் தங்கும் அறை என்றும் அதற்குப் பொருள் உண்டாம். 22-ஆம் அதிகாரத்தில் இயேசு சீஷரோடு பஸ்கா பண்டிகை விருந்து புசித்த அறைக்கும் அதே சொல்தான். நல்ல சமாரியன் கதையில் காசு வாங்கும் சத்திரம் ஒன்று வருகிறதே, அதற்கு லூக்கா வேறு சொல் போடுகிறார்.

ஆக, யாரும் கர்ப்பிணியான மரியாளைத் துரத்தியதாக எழுதவில்லை. ஊருக்கு வந்த கூட்டத்தில் இடம் நிறைந்துவிட்டது. கெட்டவன் ஒருவன்கூட இல்லாமலேயே பிள்ளை முன்னணைக்கு, அதாவது மாட்டுத் தீவனத் தொட்டிக்குப் போய்விட்டது. உங்கள் நோட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. நீங்கள் யாரையும் "வராதே" என்று சொல்லவில்லை. நோட்டில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கூட்டம் ஏன் வந்தது என்பதையும் பாருங்கள். லூக்கா இரண்டாம் அதிகாரம் தொடங்குவதே ஒரு நோட்டில்தான். "உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்படவேண்டுமென்று அகுஸ்துராயனால் கட்டளை பிறந்தது." அது ரோமப் பேரரசனான இராயனுடைய பட்டியல், வரிக்காக எடுத்தது. அதில் பெயர் எழுதத்தான் யோசேப்பு நிறைமாதக்காரியைக் கூட்டிக்கொண்டு நாசரேத்திலிருந்து பெத்லகேம் வரை போகிறான். ஏழு வசனம் தாண்டினால் வயல்வெளி. அங்கே மேய்ப்பர்களுக்குச் செய்தி சொல்ல வந்த தேவதூதன் கையில் பட்டியல் எதுவும் இல்லை. "எல்லா ஜனத்துக்கும் மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி" என்கிறான்.

கமிட்டியில் ஒரு தம்பி போன வருஷமே என்னிடம் வாதம் பண்ணினான்: "டீச்சர், ஜனம் என்றால் தேவனுடைய ஜனம். அப்படியென்றால் சபையார்." கெட்டிக்காரன்தான். அந்த இடத்தில் ஜனம் என்ற சொல்லுக்கு இஸ்ரவேல் என்று பொருள் கொள்ளலாம் என்று வேத பண்டிதர்களும் சொல்கிறார்கள். ஆனால் தம்பி அதிகாரத்தைப் பாதியில் மூடிவிட்டான். அதே அதிகாரத்தில் பிள்ளையை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கிழவன் சிமியோன் கையில் வாங்கிக்கொண்டு பாடுகிறான்: "புறஜாதிகளுக்குப் பிரகாசிக்கிற ஒளி", "சகல ஜனங்களுக்கும் முன்பாக" ஆயத்தம்பண்ணின இரட்சணியம் என்று. புறஜாதிகள் என்றால் இஸ்ரவேலர் அல்லாதவர்கள். கேரல் பாடியவர்களில் சிமியோனையும் சேர்த்துக்கொண்டால், நம் வேனின் ரூட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

மேய்ப்பர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் அக்காலத்தில் இழிவாக எண்ணப்பட்டவர்கள் என்று பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். எனக்கு அதில் அவ்வளவு நிச்சயம் இல்லை. தாவீதும் ஆடு மேய்த்தவன்தான். லூக்கா சொல்லும் விவரம் வேறு: அவர்கள் "இராத்திரியிலே தங்கள் மந்தையைக் காத்துக்கொண்டிருந்தார்கள்". நைட் டியூட்டி. ஊர் தூங்கும்போது யார் விழித்திருந்தார்களோ அவர்களுக்குத்தான் முதல் பாட்டு. நம் ஊரில் அந்நேரம் யார் விழித்திருக்கிறார்கள்? வாழைத்தார் லாரியில் லோடு ஏற்றுகிறவர்கள். ரயில்வே கேட்டில் இருக்கிறவர். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா. சூளையில் வடநாட்டுப் பிள்ளைகள் சிலர், வீட்டுக்கு போன் பேசிக்கொண்டு. உங்கள் வேன் வருஷா வருஷம் இவர்களைத் தாண்டித்தான் போகிறது. ஒருவர் பெயரும் நோட்டில் இல்லை. நோட்டில் காலனி வீடுகள் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு 500 ரூபாய் மட்டும்தான் காரணமா என்றும் உங்களுக்குள் பேசிப் பாருங்கள். அதற்குமேல் நான் எழுதவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம்.

அப்புறம் துக்க வீடுகள். இதைத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன், சுற்றி வளைத்து இப்போதுதான் வந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் 2022 அக்டோபரில் தவறினார். அந்த வருஷம் வழக்கப்படி ஸ்டார் போடவில்லை, முந்திரிக்கொத்து பிடிக்கவில்லை, மாவே இடிக்கவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து அதிரசமும் முறுக்கும் தட்டு தட்டாக வந்தன. நல்ல வழக்கம், அதில் குறையே இல்லை. கேரல் அன்று இரவு பதினோரு மணி இருக்கும். தெருமுனை வரை மேளம் கேட்டது. அங்கே நின்றுவிட்டது. நீங்கள் ஸ்பீக்கரை அணைத்து, பேச்சைக்கூடத் தணித்து, எங்கள் வாசலைக் கடந்து போனீர்கள். மரியாதைக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். அடுத்த தெருவில் போய் மறுபடி மேளம் தொடங்கியது. என் மாமியாருக்கு அப்போது 84 வயது, கண் சரியாகத் தெரியாது, காது மட்டும் கூர்மை. இருட்டில் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார்கள்: "ஏட்டி, பாட்டு இந்த வருஷம் நமக்குக் கிடையாதா?"

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல? முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு "இருளில் நடக்கிற ஜனங்கள் பெரிய வெளிச்சத்தைக் கண்டார்கள்" என்று ஏசாயா சொன்னதை மனப்பாடம் பண்ண வைத்தவளுக்கு, அந்த வசனம் எந்த வீட்டுக்கு எழுதப்பட்டது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. தேவதூதர் பாடி முடித்த பிறகு உலகத்தில் ஒன்றும் மாறிவிடவில்லை. இராயனின் வரி அப்படியே இருந்தது, ஏரோது உயிரோடுதான் இருந்தான், கொஞ்ச நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓட வேண்டியிருந்தது. மேய்ப்பர்கள் பாடிக்கொண்டே தங்கள் ஆட்டுக்குத்தான் திரும்பிப் போனார்கள். கஷ்டம் தீர்ந்தவர்களுக்குத்தான் இந்தச் சந்தோஷம் என்று யாரும் சொல்லவில்லை. அப்படியிருக்க, அழுகிற வீட்டை மட்டும் நாம் ஏன் தாண்டிப் போகிறோம்?

அடுத்த வருஷக் கதை உங்களுக்கே தெரியும். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி எங்கே ஓடுகிறது, ஊர் எங்கே இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பேரோடு நின்றுபோனது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலும் தண்ணீர் நிற்க, இருந்த அரிசியைப் பொங்கி அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். திருச்செந்தூர் முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தவர்களா, என்ன சாதி, எந்த ஊர் என்று யாரும் விசாரிக்கவில்லை. நாமும் இங்கே பள்ளிக்கூட மாடியில் எல்லாத் தெருக்காரர்களுமாக மூன்று இரவு படுத்துக் கிடந்தோம்.

பண்டிகைக்கு ஒரு வாரம்கூட முழுசாக இல்லை. கேரல் ரத்து என்று அறிவித்தீர்கள். அதே டிசம்பரில் பெத்லகேமிலும் காசா போரால் மரத்துக்கு விளக்குப் போடவில்லை. அங்குள்ள லுத்தரன் கோவிலில் இடிபாட்டுக் கற்களைக் குவித்து அதன் நடுவில் குழந்தை இயேசுவின் உருவத்தைக் கிடத்தினார்கள். படத்தைப் பார்த்தபோது நம் தெரு மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தேன்.

24-ஆம் தேதி ராத்திரி உங்களில் ஒன்பது பேர், பகலெல்லாம் தண்ணீர் கேன் சுமந்த அதே அழுக்குச் சட்டையோடு, ஒரு டார்ச்சையும் தாளத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். மேளம் இல்லை, அது ஊறிப்போயிருந்தது. எந்தெந்த வீடு என்று பார்க்க நோட்டும் இல்லை. கமிட்டிப் பெட்டியோடு அது வெள்ளத்தில் போயிருந்தது. அதனால் எல்லா வீட்டு வாசலிலும் நின்றீர்கள். வீடு இடிந்த இடத்திலும் நின்றீர்கள். காலனியில் நின்றீர்கள். பள்ளிக்கூட மாடியில் நமக்குப் பாய் விரித்துக்கொடுத்த பாய் வீட்டு அம்மா, "எங்க வாசல்லயும் ஒண்ணு பாடிட்டுப் போங்கப்பா" என்று கூப்பிட்டார்கள். என் வாசலில் வந்து, ஒரே ஒரு பாட்டு, மெதுவாகப் பாடினீர்கள். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார்கள். அதுதான் அவர்கள் கேட்ட கடைசிக் கேரல்.

2024-இல் புது நோட்டு வாங்கிவிட்டீர்கள். அட்டை போட்ட, நீளமான நோட்டு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. செலவுக்கான காசைக் கோவிலிலேயே ஒரு ஞாயிறு தனிக் காணிக்கையாக எடுங்கள். முடிந்தவர் கூடப் போடட்டும், நான் ஆயிரம் தருகிறேன். ஸ்பீக்கர் செட்டைப் பாதியாகக் குறைத்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கைக்குழந்தை உள்ள வீடுகள் சந்தோஷப்படும். (கிறிஸ்மஸ் தாத்தாவின் முகமூடியையும் ஒருமுறை யோசியுங்கள். மூன்று வயசுப் பிள்ளைகள் அலறுகின்றன.) வேற்று மதத்தார் வாசலில் பாடினால் பேச்சு வருமே என்று பயப்படுகிறீர்கள், அந்தப் பயம் நியாயம்தான். பகலிலேயே போய்க் கேளுங்கள். கூப்பிட்டால் போங்கள். பாட்டு மட்டும் போதும், நோட்டீசும் வேண்டாம், உண்டியலும் வேண்டாம்.

துக்க வீடுகளுக்கும் அப்படியே. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாங்கள் இரண்டு பேர் முன்கூட்டிப் போய்க் கேட்டு வருகிறோம். வேண்டாம் என்றால் வேண்டாம். வரச்சொன்னால் மேளத்தைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டு வந்து ஒரு பாட்டுப் பாடுங்கள். இந்த வருஷம் அப்படி ஐந்து வீடுகள் இருக்கின்றன. எல்லா வீடும் உங்களுக்குத் தெரிந்தவைதான்.

எங்கள் தெருவுக்கு எந்த ராத்திரி, எத்தனை பேர் வருவீர்கள் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். சுக்குக் காப்பி போட்டு வைக்கிறேன். போன தடவை டம்ளர் பற்றாமல் கடைசி ஆறு பேருக்குச் செம்பில் கொடுத்தேன்.

இப்படிக்கு,
உங்கள் ஓய்வுநாள் பாடசாலை டீச்சர்