பாயசத்துக்கு மறுநாள்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நாகர்கோவில் கல்யாணத்தில் மட்டிப்பழமும் பப்படமும் பிசைந்து அடைப்பிரதமன் பாயசம் இரண்டு தரம் வாங்கினாய் என்று எழுதியிருந்தாய். அதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்ததைப் பார்த்துவிட்டு இட்லி வேண்டாம் என்றாயே, கோளாறு அங்கேதான்.

கணக்குப் பார். ஒரு கிலோ கொழுப்பு சேர, அன்றாடச் செலவுக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒரு பந்தியில் அது நடக்காது. ஏறியது பெரும்பாலும் தண்ணீர். உப்பு கொஞ்சம் பிடித்துவைக்கிறது. சோறும் வெல்லமும் கிளைகோஜனாக, அதாவது உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்தாக, சேரும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் தானே இறங்கிவிடும். பட்டினி கிடந்தாலோ சாயங்காலம் நாலு மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடிக் கை போகும். ‘இன்றைக்கும் கெட்டாச்சு, இனி திங்கட்கிழமையிலிருந்து பார்க்கலாம்’ என்று மனசும் ஒத்து ஊதும். எடையைக் கூட்டுவது இந்த மிக்சர்தான், பிரதமன் அல்ல.

தின்றதற்காகத் தன்னையே நொந்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும்? 2007இல் கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். முதலில் டோனட் தின்னக் கொடுத்தார்கள், பிறகு மிட்டாயை ருசி பார்க்கச் சொன்னார்கள். ‘எல்லாரும்தான் சாப்பிடுகிறோம், உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்’ என்று நடுவில் சிலரிடம் மட்டும் சொன்னார்கள். கடுமையாக வாயைக் கட்டுகிறவர்களில், அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் கேட்காதவர்களைவிடக் குறைவாகத்தான் மிட்டாய் எடுத்தார்கள். ஒரே ஒரு சின்ன ஆய்வு, அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால், நமக்கு நாமே செல்லம் கொடுத்தால் கெட்டுப்போவோம் என்று நீ பயப்படுவதற்கு இது நேர் எதிர்.

அடுத்த தடவை கை டப்பாவுக்குப் போனால் இரண்டு நிமிஷம் உட்கார். நடந்ததை நடந்தபடி சொல்: ‘இரண்டு கிண்ணம் பிரதமன் குடித்தேன், வயிறு கனக்கிறது.’ தின்னிப்பண்டாரம் என்ற பட்டமெல்லாம் கூடாது. பந்தியில் இருந்த முக்கால்வாசிப் பேரும் அதையேதான் செய்தார்கள் என்று நினைத்துக்கொள். பிறகு, உன் மகள் இப்படி வந்து அழுதால் என்ன சொல்வாயோ அதை உனக்கே வாய்விட்டுச் சொல். தன்மேல் தானே காட்டும் பரிவுக்கு உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் வகுத்த மூன்று அம்சங்களும் இதில் அடக்கம். அதற்கப்புறமும் பசித்தால் தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடு.

பலர் சறுக்குவது, ‘பாவம் நான், இன்னொரு கிண்ணம் இருக்கட்டும்’ என்பதில். மகளுக்கு நீ இன்னொரு கிண்ணம் ஊற்ற மாட்டாய். நேரத்துக்கு இட்லி கொடுத்து, கொஞ்சம் நடந்துவிட்டு வா என்பாய். பரிவு என்றால் அதுதான்.

எடையை வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில் பார். நாலு வாரத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும். விருந்துக்கு மறுநாள் அந்த மெஷின் பக்கமே போகாதே.

இன்னொன்று, அவசரம். உன்னோடு சேர்ந்து உன் வீட்டுக்காரரும் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார் என்கிறாய். அவர் சர்க்கரை நோய்க்குப் போடுவது கிளிமிபிரைடு மாத்திரை. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நாளைக் காலையிலிருந்து அவர் நேரத்துக்குச் சாப்பிடட்டும். மாத்திரையில் மாற்றம் வேண்டுமானால் டாக்டர் சொல்லட்டும்.

அன்புடன்,
மல்லிகா