தம்பதியர் மேசையில் ஓராண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, இணையராகவும் தனியாகவும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மேசை ஆட்டங்களை (போர்டு கேம்) இணையராக ஆடவும், அவற்றில் வரும் சிற்றுருவங்களுக்கு (மினியேச்சர்) வண்ணம் தீட்டவும் கூடும் நம் சங்கம் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அறிக்கையின் முடிவில் விதித் திருத்தம் ஒன்றை முன்மொழிகிறேன். அதற்கான காரணங்கள் ஆண்டு முழுவதும் நம் மேசைகளிலேயே கிடைத்தன என்பதால், அவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

ஞாயிறு மாலைக் கூட்டங்கள் வழக்கம்போல் மகாமகக் குளத்துக்கு அருகில் உள்ள மாடியில் நடைபெற்றன. கும்பகோணத்தார் தவிர திருவிடைமருதூர், பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம் ஆகிய ஊர்களிலிருந்தும் உறுப்பினர்கள் வருகிறார்கள். நம் வருகைப் பதிவேடு காவிரித் தண்ணீரோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும் மேட்டூர் அணை 2024 இல் ஜூலை 28 ஆம் தேதிதான் திறந்தது. குறுவைக்குத் தண்ணீர் இல்லாத அந்த வாரங்களில் வயல் வைத்திருக்கும் உறுப்பினர்கள் கவலையோடுதான் வந்தார்கள். ஆனால் தவறாமல் வந்தார்கள். சம்பா நடவு தொடங்கியதும் அவர்களுடைய நாற்காலிகள் காலியாகிவிட்டன. வாரக்கணக்கில் தொடர்ந்து ஆடும் ஆட்டங்களில் பாதியில் நின்ற கதைத் தொடர்களை வேறு யாருக்கும் கொடுக்காமல், பெட்டியின் மேல் அவர்கள் பெயரை ஒட்டி எடுத்து வைத்தோம். தை அறுவடை முடிந்து வந்து, விட்ட இடத்திலிருந்து ஆடினார்கள். இந்த வழக்கத்தை வருங்கால நிர்வாகிகளும் கைவிடக் கூடாது.

ஆட்டங்களைப் பற்றி முதலில் சொல்கிறேன். இந்த ஆண்டு நம் மேசைகளில் மிகுதியாக இடம்பிடித்தது குளூம்ஹேவன். ஆடுபவர்கள் ஒரே அணியாக எதிரிகளோடு மோதும், 2017 இல் வெளிவந்த ஆட்டம். பெட்டியே ஏறக்குறைய 10 கிலோ. நால்வர் வரை ஆடலாம் என்றாலும் இருவர் ஆடும்போதுதான் அது முழுமையாக அமைகிறது என்பது என் கருத்து. எதிரிகளை ஆட்டத்தின் சீட்டுக்கட்டே நடத்துகிறது. இணையர் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். சுற்றுக்கு இரண்டு சீட்டுகளை அவரவர் கையிலிருந்து தேர்ந்து கவிழ்த்து வைக்க வேண்டும். யார் முந்துவது என்பதைச் சீட்டில் உள்ள எண் தீர்மானிக்கும். அந்த எண்ணைக் கூட்டாளியிடம் சொல்லக் கூடாது என்பது விதி. ‘சீக்கிரம் போய்விடுவேன்’, ‘சற்றுத் தாமதிப்பேன்’ என்ற அளவில் பேசிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

தம்பதியருக்கு இந்த விதி எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் கண்கூடாகப் பார்த்தேன். எல்லாச் சீட்டுகளும் எல்லோர் கண்ணிலும் படும் கூட்டு ஆட்டங்களில், விதிகளை அதிகம் அறிந்தவர் இருவருக்கும் சேர்த்து ஆடிவிடுகிறார். ‘நீ இதை எடு, அங்கே போய் நில்’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர் காயை நகர்த்தும் கையாக மட்டும் இருந்துவிட்டுப் போவார். பெரும்பாலும் கணவர்தான் சொல்பவர். மனைவி சொல்லும் வீடுகளும் உண்டு. குளூம்ஹேவனில் இதற்கு வழியில்லை. பாபநாசத்திலிருந்து வரும் இணையர் ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை ஆடியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அந்த அம்மா கையில் மீந்திருந்த சீட்டுகள் மிகக் குறைவு. சீட்டுகள் தீர்ந்தால் அவருடைய வீரர் களைத்து ஆட்டத்திலிருந்து விலக வேண்டியதுதான். “இந்தச் சுற்றில் நான் பொறுத்துத்தான் வருவேன். நீங்கள் கதவைத் திறந்துவிடாதீர்கள்” என்றார். கணவர் வேறொன்றும் கேட்காமல், கதவுக்கு ஒரு கட்டம் முன்னால் தம் வீரரை நிறுத்திவிட்டார். என்ன திட்டம் என்பது அவருக்குத் தெரியாது. மனைவியிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அந்தச் சுற்றை அவர்கள் வென்றார்கள். இதற்காகத்தான் நம் சங்கம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆட விரும்பும் இணையருக்கு 2004 இல் வெளிவந்த மெமுவார் 44 நன்றாகப் பொருந்தியது. இருவருக்கென்றே அமைந்த ஆட்டம், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 1989 இன் ஹீரோக்வெஸ்ட்டைப் பிள்ளைகளோடு வந்தவர்கள் ஆடினார்கள். பெற்றோரில் ஒருவர் தீய மந்திரவாதியாக உட்கார, மற்றவர் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டார்.

இனி வண்ணம் தீட்டுதல். நம்மில் பாதிப் பேர் ஆட்டத்துக்காகச் சேர்ந்து வண்ணத்துக்காக நிலைத்தவர்கள். 28 மில்லிமீட்டர், 32 மில்லிமீட்டர் என்ற அளவில் வரும் உருவத்தில் முகம் என்பது உளுந்தளவுதான். ஒரு மேசை விளக்கின் அடியில் இருவர் அருகருகே அமர்ந்து, தலை நிமிராமல், வீட்டுக் கதைகளைப் பேசிக்கொண்டே தீட்டும் நேரத்துக்கு இணையாக வேறெதையும் நான் அறியேன். பட்டறைகளில் திரும்பத் திரும்பச் சொன்னவற்றைப் புதிய உறுப்பினர்களுக்காக இங்கே பதிந்து வைக்கிறேன்.

பெட்டியிலிருந்து எடுத்த உருவத்தைச் சோப்பு நீரில் கழுவி, ஒட்டியிருக்கும் அச்சு எண்ணெயைப் போக்க வேண்டும். வளைந்து வரும் வாளையும் ஈட்டியையும் வெந்நீரில் நனைத்து நேராக்கிய உடனே குளிர்ந்த நீரில் இட்டால் அப்படியே நிற்கும். நிறத்தை நீர்க்க வைத்து இரண்டு மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். ஒரே பூச்சாக அப்பினால் செதுக்கல் மறைந்துபோகும். தொடங்குபவர்கள் எல்லோரும் கடையில் இருப்பதிலேயே சிறிய தூரிகையைத் தேடி வாங்குகிறார்கள். அதில் நிறம் தங்குவதில்லை. உருவத்தைத் தொடுவதற்குள் முனை காய்ந்துவிடுகிறது. கூர் சரியாக இருந்தால் 1 ஆம் எண் தூரிகையே கண்மணி வரைக்கும் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே அக்ரிலிக் நிறம் தட்டிலேயே உலர்ந்துவிடுவதால், மூடியுள்ள டிபன் டப்பாவில் ஈரப் பஞ்சை விரித்து, அதன்மேல் பேக்கரியில் கேக் தட்டுக்கு இடும் காகிதத்தைப் பரப்பி, நிறத்தை அதில் வைத்துக்கொள்கிறோம். மூடி வைத்தால் மறுநாளும் நிறம் ஈரமாகவே இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவர்கள், பொற்கொல்லர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் லென்ஸை வாங்கிக்கொள்ளலாம். அதைத் தயங்கித் தயங்கி வாங்கியவர்கள் இப்போது அதைக் கழற்றுவதே இல்லை.

நம் மண்ணில் பெரிய சிக்கல் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே பிரைமர் (நிறத்துக்கு முன் இடும் அடிப்பூச்சு) அடித்தால் பரப்பு சொரசொரத்துப் போகிறது. தீட்டி முடித்தபின் காப்பாக இடும் பளபளப்பற்ற மேட் வார்னிஷ் வெண்மையாகப் பூத்து, ஒரு மாத வேலையைப் புகைபடர்ந்ததாக்கிவிடுகிறது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலையொட்டிப் பெய்த மழை நாட்களில் சிலர் இந்த இழப்பைச் சந்தித்தார்கள். எனவே வடகிழக்குப் பருவமழை முடியும்வரை ஸ்ப்ரேயைத் தொடாமல், தூரிகையால் பூசும் பிரைமரையும் வார்னிஷையும் மட்டுமே பயன்படுத்துவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. மாசி, பங்குனியின் காய்ந்த காலைப் பொழுதுகளில் மொத்தமாக ஸ்ப்ரே அடித்து வைத்துக்கொண்டால் மழைக்காலம் முழுவதும் தீட்டலாம்.

யார் எதைத் தீட்டுவது என்ற கேள்விக்கும் இந்த ஆண்டு ஒரு விடை கிடைத்தது. நீடாமங்கலத்து இணையர் ஜாம்பிசைட் பெட்டியை எடுத்தார்கள். 2012 இல் வந்த அந்த முதல் பதிப்பில் மொத்தம் 71 உருவங்கள். அவற்றில் 65 ஜாம்பிகள், அதாவது நடமாடும் பிணங்கள். ஜாம்பிகளை இருவரும் சேர்ந்து வரிசையாகத் தீட்டினார்கள். கணவர் தோல் நிறத்தைப் பூசி நகர்த்த, மனைவி துணிகளை முடித்தார். வாஷ் (பள்ளங்களில் தங்கும் நீர்த்த கருநிறம்) இட்டு நிழல் இறக்குவதை மாறி மாறிச் செய்தார்கள். மீதி ஆறு வீரர்களை ஆளுக்கு மூன்றாகப் பிரித்து, ஒருவர் உருவத்தில் மற்றவர் தூரிகை படக் கூடாது என்று வைத்துக்கொண்டார்கள். கூட்டத்துக்குக் கூட்டு வேலை, நாயகர்களுக்குத் தனி வேலை. எங்கள் வீட்டிலும் அன்று முதல் இதுவே நடைமுறை. என் கணவர் தீட்டும் போர்வைகளில் செம்மை மிகுந்திருக்கும். நான் நீலத்தில் தொடங்குபவள். மேசையில் இரண்டும் அருகருகே நிற்கும்போது எது யாருடையது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

தை மாதத்தில் தாராசுரம் சென்றுவந்தோம். 12 ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராஜராஜன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2004 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தக் கோயிலை நாம் பெரும்பாலும் நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். இம்முறை தரையில் உட்கார்ந்து பார்த்தோம். கருவறைப் புறச்சுவரின் அடியில் நாயன்மார் வரலாற்றைச் சொல்லும் சிற்பங்கள் மிகச் சிறியவை. கைக்குள் அடங்கும் அந்த அளவில் முகபாவத்தைச் செதுக்க இடமே இல்லை. சிற்பிகள் அதைத் தோளின் சாய்விலும் முழங்காலின் மடிப்பிலும் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆழ வெட்டிய இடத்தில் நிழல் தானாக விழுந்து உருவத்தைக் கோடிட்டுக் காட்டுகிறது. நாம் வாஷ் இட்டுப் பள்ளத்தைக் கருமையாக்குவதும், மேட்டில் உலர்ந்த தூரிகையால் வெளிச்சம் ஏற்றுவதும் இதே வேலைதான். ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் சிற்பத்தின் முன் திருவிடைமருதூர் இணையர் நெடுநேரம் நின்றார்கள். ஒருவர் யானையையும் மற்றவர் காளையையும் மறைத்து மறைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

நவராத்திரியில் உறுப்பினர்கள் பலர் தங்கள் உருவங்களைக் கொலுவில் வைத்தார்கள். படிகளில் தெய்வ உருவங்களுக்கே இடம், போர் வீரர்களும் பூதங்களும் கீழே பிள்ளைகள் அமைக்கும் பூங்காவில் என்று நாமே ஒரு வரையறை செய்துகொண்டோம். 2012 இல் வந்த மைஸ் அண்ட் மிஸ்டிக்ஸ் ஆட்டத்தின் நாயகர்கள் எலிகள். வாளும் கேடயமும் ஏந்தியவை. வலங்கைமான் வீட்டுக் கொலுவில் அவற்றையும் பூங்காவில்தான் வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பாட்டி ஒவ்வொன்றையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அங்கியின் மடிப்பில் இருந்த நிழலைத் தடவிப் பார்த்தார். “இவர்கள் இங்கே என்ன செய்கிறார்கள்? பிள்ளையாருக்குப் பக்கத்தில் அல்லவா நிற்க வேண்டும்” என்று சொல்லித் தம் கையாலேயே மேல்படிக்கு ஏற்றினார். மருமகள் தீட்டியவை அவை. அந்த வாரம் முழுவதும் வந்தவர்களுக்கெல்லாம் பாட்டிதான் அவற்றை எடுத்துக் காட்டினார்.

செலவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொம்மைகளுக்கான சுங்க வரி 2020 இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023 இல் 70 ஆகவும் உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியைப் பொம்மை என்று கணக்கிட்டுவிட்டால் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. தனித்தனியே வாங்காமல் சங்க நூலகத்துக்கு வாங்கிச் சுற்றில் விடுவதே நமக்குக் கட்டுப்படியாகும். அடித்தளத்துக்கும் நிலப்பரப்புக்கும் எழுதுபொருள் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் நிறங்களே போதும். மினியேச்சருக்கென்று வரும் விலையுயர்ந்த நிறத்தை முகத்துக்கும் ஆடைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இனி விதித் திருத்தம். இப்போதுள்ள விதிப்படி குடும்பத்துக்கு ஓர் உறுப்பினர், ஒரு வாக்கு. மற்றவர் ‘உடன் வருபவர்’ என்று பதியப்படுகிறார். பதிவேட்டைப் புரட்டினால் உடன் வருபவர்களில் பெரும்பாலோர் மனைவியர். பாபநாசத்திலிருந்து வந்து அந்தச் சுற்றை வென்ற அம்மா உடன் வருபவர். மேல்படிக்கு ஏறிய எலிகளைத் தீட்டியவர் உடன் வருபவர். மேசையில் ஆளுக்கு ஒரு கைச்சீட்டும் ஆளுக்கு ஒரு தூரிகையும் இருக்கும்போது, பதிவேட்டில் மட்டும் ஒருவருக்கு இடமில்லை என்பதை நான் ஏற்கவில்லை. எனவே, சந்தாவை உயர்த்தாமல், இருவர் பெயரையும் தனித்தனி உறுப்பினர்களாகப் பதிந்து, இருவருக்கும் தனித்தனி வாக்குரிமை அளிக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். தாயும் மகளுமாக வருபவர்களுக்கும், நண்பர்களாகச் சேர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும்.

மாடியை வாடகையின்றித் தந்துவரும் வீட்டுக்காரர்களுக்கும், பட்டறை நாட்களில் பலகையில் துணி ஒட்டிச் சுண்ணப்பொடி பூசித் தேய்க்கும் முறையைச் செய்துகாட்டிய தஞ்சாவூர் ஓவியக் கலைஞருக்கும், பெட்டிகளைப் பழுதுபார்த்த உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் நன்றி. வரும் ஆண்டில் சுவாமிமலைக்குச் சென்று, மெழுகில் உருவம் வனைந்து வெண்கலத்தில் வார்க்கும் பட்டறையைப் பார்க்கத் திட்டமிட்டிருக்கிறோம். வர விரும்புவோர் இன்றே பெயர் கொடுக்கலாம். இந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டு, திருத்தத்தை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்