மீன்பிடி தடைக்காலத்துலயும் பிக்சட் சார்ஜ் கட்டணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கரண்ட் கட்டணம் ஏறுனதால கோயம்புத்தூர் பவுண்டரி, திருப்பூர் பனியன் கம்பெனி, நூல் மில்லு எல்லாம் படுற கஷ்டத்த பேப்பர்ல அடிக்கடி படிக்கிறோம், கண்டிப்பா போட வேண்டிய செய்திதான். ஆனா ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டினு இந்த கடற்கரை நெடுக இருக்குற ஐஸ் கம்பெனிகள பத்தி யாரும் பேசுறதே இல்ல. நான் மண்டபம் பக்கம் ஒரு சின்ன ஐஸ் கம்பெனி நடத்துறேன், அதனாலதான் இத எழுதுறேன்.

ஐஸ்க்கு தேவை ரெண்டே ரெண்டுதான், தண்ணியும் கரண்ட்டும். இங்க நிலத்தடி தண்ணி பல இடத்துல உப்பு, அதனால நல்ல தண்ணிய லாரில வாங்கி ஊத்துறோம். மிச்ச செலவு பூரா கரண்ட்டுதான். 2022 செப்டம்பர்ல கட்டணத்த மாத்துனாங்க இல்லையா, அப்ப எங்கள மாதிரி எல்டி (தாழ்வழுத்த இணைப்பு) தொழிற்சாலைக்கு யூனிட் 6.35 ரூபாயில இருந்து 7.50 ஆச்சு. அதாவது பரவால்லனு வைங்க, ஓட்டுனாதான் யூனிட் ஏறும். பிக்சட் சார்ஜ்தான், அதாவது வாங்கி வச்சிருக்குற லோடுக்கு மாசாமாசம் கட்டுற நிலைக்கட்டணம்தான், எங்கள கொல்லுது. முன்னாடி ஒரு கிலோவாட்டுக்கு மாசம் 35 ரூபா, அது 50 கிலோவாட்டுக்கு மேல போனா 150 ரூபானு ஆயிருச்சு, 112ஐ தாண்டுனா 550. உதாரணத்துக்கு 90 கிலோவாட் லோடு வாங்கியிருக்குற ஒரு கம்பெனி மாசம் 3,150 கட்டிட்டு இருந்த எடத்துல 13,500 கட்டணும்னு வந்துச்சு, அதுக்கப்புறமும் 2023, 2024, 2025னு ஒவ்வொரு ஜூலையும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே வந்திருக்காங்க. மிசின் ஓடுதோ ஓடலையோ இந்த காச கட்டித்தான் ஆகணும்.

இப்ப எங்க தொழில் எப்பிடினு பாருங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு ஒண்ணும் கடலுக்கு போகாது. நாட்டுப்படகுக்கு தடை இல்லதான், ஆனா அவங்க கேக்குற கொஞ்ச பாருக்காக (பாருனா பெரிய ஐஸ் கட்டி) மொத்த பிரைன் டேங்க்கையும், அதாவது ஐஸ் உறைய வைக்கிற உப்புத்தண்ணி தொட்டியையும், குளிர வச்சா போட்ட காசு கூட திரும்பாது. தடைக்காலம் முடிஞ்சா மட்டும் மாசம் முப்பது நாளும் ஓடுதா, அதுவும் இல்ல. விசைப்படகு போட்டு கடலுக்கு போறதே வாரத்துல சில நாள்தான், அதுலயும் காத்து அடிச்சா கடலுக்கு போக அனுமதி டோக்கன் குடுக்க மாட்டாங்க, ஐப்பசி கார்த்திகைல புயல் எச்சரிக்கைனு நிக்கும், இலங்கை கடற்படை நம்ம ஆளுகள புடிச்சிட்டு போனா ஸ்ட்ரைக்ல நாள் கணக்கா நிக்கும். இத்தன நாளும் மிசின் சும்மாதான் கெடக்கும், பில்லு மட்டும் வரும்.

பீக் ஹவர், அதாவது கரண்ட் தேவை அதிகமா இருக்குற நேரத்துக்கு வாங்குற கூடுதல் கட்டணம், இன்னொரு தலவலி. காலைல 6ல இருந்து 10, சாயங்காலம் 6ல இருந்து 10, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். மொதல்ல 25 சதவீதம் கூடுதல்னு போட்டு, 2023ல சிறு தொழில்காரங்க எல்லாரும் சேந்து போராடுனதுல 15னு கொறச்சாங்க, அதுக்கு நன்றி சொல்லணும். ஆனா லேத் பட்டறை மாதிரி எட்டு மணி நேரம் நிறுத்தி வைக்க எங்களால முடியாதுங்க. கேன்ல ஊத்துன தண்ணி அடி வரைக்கும் இறுகி பாராகுறதுக்கு ஒரு நாள் பக்கம் ஆகும், நடுவுல கம்ப்ரசர நிறுத்துனா பிரைன் சூடேறி, திரும்ப கீழ எறக்க இன்னும் அதிகமாத்தான் கரண்ட் இழுக்கும். உப்புக்காத்துக்கும் உப்புத்தண்ணிக்கும் கண்டன்சர் பைப்புல உப்பு படிஞ்சு போயி அது வேற தனியா இழுக்குது.

இது எங்க நாலு பேரு பிரச்சனை மட்டும் இல்ல. பாரு வெல ஏறுனா போட்டுக்காரங்க, ஏற்கனவே டீசல் வெலைல நொந்து போயிருக்குறவங்க, ஐஸ கொறச்சு ஏத்திட்டு போறாங்க. கொறஞ்ச ஐஸ்ல இறாலு, கணவா, நண்டு எல்லாம் கரைக்கு வர்றப்ப தரம் போயிருது, வியாபாரி வெலய அடிச்சுருவாரு. கடைசில யாரு தலைல விழுது? கூடைல மீன வச்சு பஸ்ஸுல ஊர் ஊரா போயி விக்கிற அக்காமாருக மேலதான், அவங்களும் எங்ககிட்டதான் ஒடச்ச ஐஸ் வாங்கிட்டு போறாங்க.

இதே மாவட்டத்துல கமுதில 648 மெகாவாட் சோலார் நிக்குது, வழுதூர்ல கேஸ்ல கரண்ட் எடுக்குறாங்க. எங்களுக்கு ஓசில குடுங்கனு நான் கேக்கல. ஓட்டுன நாளுக்கு கட்டுறோம், ஓட்டாத நாளுக்கு ஏன்னுதான் கேக்குறேன். தடைக்காலத்துல மீனவர் குடும்பத்துக்கு குடுக்குற நிவாரணத்த 5,000ல இருந்து 8,000 ஆக்குறோம்னு 2023ல இதே மண்டபத்து மாநாட்டுல வச்சுதான் முதலமைச்சர் அறிவிச்சாரு. மீனவருக்கு அந்த ரெண்டு மாசம் வருமானம் இல்லனு அரசுக்கு தெரியுது, அப்ப அவங்கள நம்பி ஓடுற ஐஸ் கம்பெனிக்கும் அதே ரெண்டு மாசம் வருமானம் இல்லதான? தேதி கூட அரசாங்கம் போட்ட தேதி. அந்த 61 நாளைக்கு பிக்சட் சார்ஜ தள்ளுபடி பண்ணலாம், இல்ல மீட்டர்ல ஏறுன லோடுக்கு மட்டும் வாங்கலாம். ஒவ்வொருத்தரா மனு எழுதி ஆபீஸ் ஆபீஸா அலையுற மாதிரி இல்லாம, கடலோர ஐஸ் கம்பெனினு தனியா ஒரு பிரிவு போட்டு தானா பில்லுல கழிச்சு வரணும்.

2022ல மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் ஏத்துறத பத்தி மக்கள்கிட்ட கருத்துக் கேட்டது கோவை, மதுரை, சென்னைலதான். அடுத்த தடவ ஒரு கூட்டத்த ராமநாதபுரத்துல வைக்கச் சொல்லி நீங்களும் எழுதுங்க சார், போட்டு போகாத நாளா பாத்து வச்சாங்கன்னா போட்டுக்காரங்களும் எங்களோட வருவாங்க.

இப்படிக்கு,
ஐஸ் கம்பெனி நடத்தும் வாசகர், மண்டபம்