15 வோல்ட் படிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாதாரண மனிதர்கள் கொடியவர்களாக மாறும் தொலைக்காட்சித் தொடர்கள் பற்றிய உங்கள் கட்டுரை, எல்லாப் பழியையும் சூழ்நிலையின் தலையில் கட்டிவிட்டது. சூழ்நிலை ஆளைத் தள்ளும், சரி. எவ்வளவு தூரத்துக்கு, எத்தனை தவணையில் என்பதில்தான் திரைக்கதை நிற்கிறது.

இதற்கு அளவுகோல் 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனை. கலந்துகொள்பவர், ஆய்வாளரின் உத்தரவுப்படி, தவறான பதில் சொல்பவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும் (அதிர்ச்சி போலி, கொடுப்பவருக்கு அது தெரியாது). மொத்தம் 30 சுவிட்சுகள். 15 வோல்ட்டில் தொடங்கி, பதினைந்து பதினைந்தாகக் கூடி 450 வரை போகும். 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்ச் வரை போனார்கள். 285ஐ அழுத்தியவர் 300இல் மறுத்தால், சற்று முன் செய்ததும் தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்கு அழுத்திவிடுவதே சுலபம்.

புற்றுநோய் வந்த ஓர் ஆசிரியர் போதைப்பொருள் தயாரிக்க இறங்கும் அமெரிக்கத் தொடரான 'பிரேக்கிங் பேட்' (2008–2013) இந்தக் கணக்கைப் பிசகாமல் போட்டது. மூன்றாம் அத்தியாயத்தில், நிலவறையில் கட்டிவைத்திருக்கும் போதைப்பொருள் வியாபாரியை என்ன செய்வது என்று வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட் தாளில் எழுதிப் பார்க்கிறார். விட்டுவிடுவதற்குக் காரணங்கள் பல; கொல்வதற்கு ஒன்றே ஒன்று, விட்டால் குடும்பத்தையே அழித்துவிடுவான் என்பது. அப்படியும் விட்டுவிடத்தான் மனம் போகிறது. உடைந்த தட்டின் துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, கத்தி போன்ற ஒரு சில்லு மட்டும் காணவில்லை என்று தெரிந்த பிறகே கொலை. ஐந்தாம் அத்தியாயத்தில் பழைய நண்பர் வேலையும் தந்து சிகிச்சைச் செலவையும் ஏற்க முன்வருகிறார், வைட் மறுக்கிறார். தப்பிக்க வழி இருந்ததை நாம் கண்ணால் பார்த்துவிடுகிறோம். அந்தக் காட்சி இல்லையென்றால் தொடர் முழுக்க 'பாவம், புற்றுநோய்க்காரர்' என்றே போயிருக்கும். இரண்டாம் பருவத்தில் ஒரு பெண் கண்ணெதிரே மூச்சுத்திணறிச் சாகிறாள், அவர் சும்மா நிற்கிறார். கையால் கொல்லாமல், காப்பாற்றாமல் மட்டும் விட்டுவிடும் இந்தப் படியை எழுத்தாளர்கள் பலர் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஐந்தாம் பருவத்தில், சிறுவன் ஒருவன் சுடப்பட்டதால் தூக்கமே வரவில்லை என்று கூட்டாளியிடம் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே விசிலடித்துக்கொண்டு வேலை பார்க்கிறார். வசனம் சொல்லாததை விசில் சொல்லிவிடுகிறது.

மற்ற தொடர்களில் நடப்பது என்ன? ஓர் அவமானம், உடனே 'சில ஆண்டுகளுக்குப் பிறகு' என்ற எழுத்து, தாடி, கறுப்புச் சட்டை. படிகள் அத்தனையும் அந்த இடைவெளிக்குள் புதைந்துபோகும். நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள் கையில் இருக்கும் தினசரித் தொடர்கூட, முதல் பொய்யை வீட்டில் சொல்லும் காட்சிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குவதில்லை. பின்னணி இசைக்கு மட்டும் தாராளம்.

கட்டுரை ஆதாரம் காட்டும் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையும் (1971; மாணவர்கள் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடித்த போலிச் சிறை) அவ்வளவு உறுதியானது அல்ல. காவலர்களாக இருந்தவர்களைக் கடுமையாக நடந்துகொள்ளும்படி சோதனைக் குழுவினரே வற்புறுத்தியது ஒலிப்பதிவுகளில் இருக்கிறது.

மில்கிராம் இன்னொரு வகையிலும் சோதித்தார். உடன் உட்கார்ந்திருந்த இருவர் பாதியில் மறுத்து விலகியபோது, கடைசிவரை போனவர்கள் 40இல் 4 பேர்தான். தொடர் எழுதுபவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். அதே அலுவலகம், அதே சம்பளம், அதே கடன் உள்ள ஒருவர் 'என்னால் முடியாது' என்று சொல்லி எழுந்துபோகட்டும். இப்போது அப்படிப்பட்ட பாத்திரம் வந்தால் இரண்டே அத்தியாயத்தில் பிணமாகிவிடுகிறது. அவரைக் கடைசிவரை உயிரோடு, நாயகனின் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்