பச்சைக் கட்டத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் ரசிகர்களின் சந்திப்புக்கு வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பச்சையும் கறுப்புமாகக் கட்டம் போட்ட அங்கி, நெற்றியில் தழும்பு, முதுகில் ஒரு பெட்டி, அந்தப் பெட்டியைப் போகிற நிலைப்படியில் எல்லாம் இடித்துக்கொண்டு ஒருத்தி திரிந்தாளே, அது நான்தான். ஊர் திருப்பூர். வேஷம் டான்ஜிரோ, அரக்கர்களோடு சண்டை போடும் 'டீமன் ஸ்லேயர்' அனிமேயின் நாயகன். 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கத்தில் முதல்முறையாக காமிக் கான் என்ற காமிக்ஸ், அனிமே ரசிகர் விழா நடந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் வேஷம் கட்டி ஒரு இடத்துக்குப் போனது இதுதான் முதல் தடவை. நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேருக்கு அனிமே என்றால் என்னவென்றே தெரியாது. அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

முதல் நன்றி மாடி வீட்டு அக்காவுக்கு. பனியன் கம்பெனியில் பதினைந்து வருஷமாக டெய்லர். போனில் படத்தைக் காட்டி, எங்கள் கம்பெனியில் மிஞ்சிய பச்சைத் துணி இருக்கிறது, அதிலேயே தைத்துவிடலாமா என்று கேட்டேன். "பனியன் துணி வேண்டாங்கண்ணு, அது இழுத்துக்கும், உன் கட்டமெல்லாம் கோணிக்கும்" என்று காதர்பேட்டைக்கு அனுப்பி நாலு மீட்டர் பாப்ளின் வாங்கிவரச் சொன்னார். இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி ஒட்டலாம் என்பது என் திட்டம். உட்கார்ந்து கணக்குப் போட்டதில் ஆயிரத்து எழுநூறு துண்டு வந்தது. அக்கா சிரித்தே விட்டார். "இந்த ஊர்ல இருந்துக்கிட்டு எதுக்கு ஒட்டணும், அடிச்சுக்கலாம்" என்று தெருக்கோடி பிரிண்டிங் பட்டறை அண்ணனிடம் கூட்டிப்போனார்.

அந்த அண்ணனுக்கு ஆர்டர் நெருக்கடி. இருந்தும் சனிக்கிழமை ராத்திரி பட்டறை ஓய்ந்த பிறகு, என் ஒரே ஒரு அங்கிக்காகக் கட்டம் அச்சடிக்கும் சட்டம் (ஸ்கிரீன்) ஒன்று போட்டு, வெட்டின துண்டுகளை நீள மேசையில் விரித்து, கறுப்பு மையை இழுத்து அடித்துக் கொடுத்தார். முதல் இழுப்பில் பச்சைத் துணியில் வரிசையாகக் கட்டம் விழுந்ததைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே கை நடுங்கியது. அவர் மை நகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அக்கா தைத்தார். முதுகுத் தையலில் இடது பக்கக் கட்டமும் வலது பக்கக் கட்டமும் அரை விரல்கடை தள்ளிப் போயிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை, பெட்டி மறைத்துவிடும் என்று வேறு சொன்னேன். "எக்ஸ்போர்ட்ல இப்படிப் போனா பீஸ் திரும்பி வந்துரும்" என்று முழுத் தையலையும் பிரித்து மறுபடி தைத்தார், மணி அப்போது பதினொன்றரை. இந்தக் கட்டத்துக்கு ஜப்பானில் இச்சிமாட்சு என்று பேர், பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தப் பேருள்ள ஒரு கபுகி நாடக நடிகர் மேடையில் கட்டிவந்ததால் அவர் பேரே ஒட்டிக்கொண்டது என்று சொன்னேன். "நம்ம ஊர்ல தீபாவளிக்குத் தீபாவளி நடிகை பேர்ல சேலை வருமே, அந்த மாதிரியா" என்றார். அதே மாதிரிதான் அக்கா.

பெட்டி வந்தது எங்கள் பேக்கிங் செக்ஷனிலிருந்து. ஏழு பிளை அட்டை, வெளியே மரக்கலர் பேப்பர், உள்பக்கம் இன்னும் ஏதோ ஒரு துறைமுகத்தின் பேர் தெரியும். கதைப்படி அதற்குள் தங்கை இருக்க வேண்டும். எனக்கு அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதமும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. மண்டபத்துக்குப் போகிறேன் என்றதும் அம்மா முகத்தில் வந்த வெளிச்சமும், யாருக்குக் கல்யாணம் என்ற கேள்விக்கு என் பதிலைக் கேட்டதும் அது அணைந்ததும், சரி, அதை விடுங்கள். சாதம் நன்றாக இருந்தது அம்மா.

திருப்பூரிலிருந்து காந்திபுரம் வந்த பஸ்ஸின் கண்டக்டர் அண்ணனுக்கும் ஒரு நன்றி. ஃபோம் கத்தியையும் பெட்டியையும் பார்த்து இறக்கிவிடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "என் பையன் தியேட்டருக்கு இழுத்துட்டுப் போனானுங்க, இதே சட்டைதான" என்றார். 2025 செப்டம்பரில் டான்ஜிரோ கதையின் இன்ஃபினிட்டி கேசில் படம் தமிழ் பேசி வந்ததே, அது. பெட்டிக்கு லக்கேஜ் போடாமல் டிரைவர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவிநாசி தாண்டும் வரை எந்த அரக்கன் யாரைக் கொன்றான் என்று என்னிடம் விசாரித்துக்கொண்டே வந்தார்.

இனி மண்டபத்துக்காரர்களுக்கு. முதலில் பேசி வைத்திருந்த இடம் கடைசி வாரத்தில் கைவிரித்துவிட்டது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். கல்லூரி முடிக்காத பிள்ளைகள் ஆறேழு பேர் ஓடித் திரிந்து இந்த மண்டபத்தைப் பிடித்திருக்கிறீர்கள். நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் தாமதம்தான், ஸ்பீக்கர் கத்தியதுதான், நான் மறைக்கவில்லை. ஆனால் வாசலில் கத்திகளைத் தட்டிப் பார்த்து, இரும்பு இல்லை என்று உறுதியானதும் அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிட்ட தம்பி இருக்கிறானே, அவனுக்குத் தனியாக நன்றி. மண்டபத்தில் எனக்கும் மஞ்சள் கயிறு கிடைத்துவிட்டது என்று அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.

பெண்களுக்கு உடை மாற்ற மணமகள் அறை. கண்ணாடி ஓரமெல்லாம் எந்தெந்தக் கல்யாணப் பெண்களோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு. அதற்கு நடுவில் கிடைத்த இடத்தில் முகத்தைப் பார்த்து ஏழு பேர் விக் மாட்டிக்கொண்டிருந்தோம். என் தழும்பை வரைந்துவிட்ட பெண்ணின் பேரைக் கூடக் கேட்கவில்லை, மன்னிக்கணும்.

படியேறும்போது பெட்டியின் தோள்பட்டை வார் அறுந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முகம் முழுக்க வெள்ளை பூசி, சிவப்புக் கண்ணோடு வந்திருந்த பையன் ஒருவன் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பையிலிருந்து கோணி ஊசி எடுத்தான். கதையில் டான்ஜிரோவின் குடும்பத்தையே அழித்தவன் வேஷம் அது. அவன்தான் எனக்கு வார் தைத்துக் கொடுத்தான். தையல் சுமார்தான், ஆனால் சாயங்காலம் வரை தாங்கியது.

கூட்டம் இருநூறைத் தொடவில்லை. மைக்கில் ஒரு தம்பி அதற்காக வருத்தம் தெரிவிக்கப் போக, பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, இன்றைக்கு லட்சக்கணக்கில் ஆள் கூடுகிற டோக்கியோவின் காமிக்கெட், ரசிகர்கள் தாங்களே போட்ட காமிக்ஸை விற்கும் சந்தை, 1975 டிசம்பரில் 32 குழுக்களோடு, எழுநூறு பேர் சுமாருக்குத்தான் தொடங்கியது, இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்காதே, சோறு எப்போ என்று கேட்டார். அந்த ஐயாவுக்கு நன்றி. தக்காளி சாதமும் உடனே வந்தது.

ஜப்பானிய மொழி மேசையில் இருந்த டீச்சர், தமிழுக்குப் பழகிய நாக்குக்கு அ, இ, உ, எ, ஒ என்று ஐந்தே உயிர் எளிதுதான் என்று தைரியம் சொல்லிவிட்டு என் பேரைக் கேட்டார். என் பேரில் ழகரம் இருக்கிறது. ஜப்பானியில் லகரமே கிடையாது, ழவுக்கு எங்கே போக? ஒரு நிமிஷம் யோசித்து ரகரம் போட்டு எழுதிக் கொடுத்தார். இப்போது பீரோ கதவில் வேறு யாருடைய பேரோ போல ஒட்டியிருக்கிறது.

போட்டியில் நான் ஜெயிக்கவில்லை. மேடையில் சொல்ல வைத்திருந்த வசனமும் மறந்துபோனது. ஆனால் நடுவராக வந்த அக்கா, பெட்டியைக் கழற்றச் சொல்லி, அங்கியைத் திருப்பி உள்பக்கம் பார்த்து, முதுகுத் தையலை விரலால் தடவிக்கொண்டே "இது யார் தைச்சது?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அங்கேயே வீடியோ காலில் மாடி வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் கட்டம் சேர்ப்பது பற்றிப் பத்து நிமிஷம் பேசினார்கள், என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் அக்கா கேட்டது ஒன்றுதான்: "பின்னாடி நிக்கிற அந்த வெள்ளை மூஞ்சிப் பையனுக்கு யாரு காலர் வெட்டினது, இப்படியா வெட்டுவாங்க?"

ஆ, ஒரு விஷயம். கட்டம் அடித்த ஸ்கிரீன் சட்டத்தைக் கழுவிவிடட்டுமா என்று பட்டறை அண்ணன் நேற்று கேட்டார். யாருக்காவது இதே கட்டம் அடிக்கணும் என்றால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள், நிறுத்தி வைக்கச் சொல்கிறேன். துணி நீங்கள்தான் கொண்டுவரணும். பாப்ளின். பனியன் துணி வேண்டாம்.