உறையில் 24 வோல்ட், உள்ளே 16 வோல்ட் கெபாசிட்டர்: ரயில் பெட்டி உள்விளக்குத் தொகுப்பு பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, மேலாளர் பார்வைக்கு

பொருள்: எச்ஓ (1:87) அளவு பொம்மை ரயில் பயணிகள் பெட்டிக்கான எல்இடி உள்விளக்குத் தொகுப்பு, 6 எண்ணிக்கை. பழுது, உறையில் தவறான விவரம், அதனால் ஏற்பட்ட சேதம்.

வணக்கம்.

இது நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது, ஒரு எழுத்துகூட மாறவில்லை: "தண்டவாளத்தையும் சக்கரங்களையும் சுத்தம் செய்து பார்க்கவும்." நான் சொன்னது விளக்கு மினுக்குகிறது என்று இல்லை. பெட்டிக்குள், விளக்கு மினுக்காமல் இருக்க மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் வீங்கி வெடித்து, கூரை தூக்கி, உள்ளே இருந்ததெல்லாம் பாழாகிவிட்டது என்றுதான் எழுதியிருந்தேன். யாரும் படிக்கவில்லை போலத் தெரிகிறது. அதனால் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், தயவு செய்து மின்னணுப் பலகை பற்றித் தெரிந்த ஒருவரிடம் இதைக் கொடுங்கள்.

நான் பல வருடமாக பொம்மை ரயில் ஓட்டுகிறேன். 1:87 அளவு, 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம். ஆரம்பத்தில் சாதாரண டிசி கண்ட்ரோலர், பெட்டிகளில் பழைய குண்டு பல்பு. அதில் ரயில் வேகமாக ஓடினால் வெளிச்சம் கூடும், நிலையத்தில் நின்றால் இருட்டு. ஒவ்வொரு பல்பும் 50 மில்லிஆம்பியர் இழுக்கும், சூடு வேறு. ஒரு பெட்டியில் பல்புக்கு நேர் மேலே கூரை இளகிக் குழிந்துவிட்டது. அதனால்தான் டிசிசி என்னும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறைக்கு மாறினேன், அதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும், ரயில் நின்றாலும் பெட்டிக்குள் விளக்கு எரியும். அந்த ஒன்றுக்காகத்தான் ஆறு பெட்டிக்கும் சேர்த்து உங்கள் தொகுப்பை வாங்கினேன். உறையில் என்ன போட்டிருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் என் புகார் முழுக்க அதைப் பற்றித்தான்: டிசி, ஏசி, டிசிசி மூன்றிலும் வேலை செய்யும், 24 வோல்ட் வரை தாங்கும், மினுக்காது, எந்தப் பெட்டிக்கும் பொருந்தும், இளமஞ்சள் ஒளி.

நல்லதையும் சொல்ல வேண்டும். பலகையில், எந்தப் பக்கம் வந்தாலும் மின்சாரத்தை ஒரே திசையில் திருப்பிவிடும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வைத்திருக்கிறீர்கள், ரயில் எந்தப் பக்கம் போனாலும் விளக்கு எரிகிறது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அது அருமை, நான் பாதிக்கும் கீழே வைத்ததும் நிஜப் பெட்டி மாதிரியே இருந்தது. முதல் நாள் இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு ஆறு பெட்டியும் வரிசையாக வளைவில் திரும்பியதைப் பார்த்தபோது எனக்கும் என் மகளுக்கும் பேச்சே வரவில்லை. ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் தரையில் விழுந்து கூடவே ஓடியது. வாங்கியதற்காக நான் வருத்தப்படவில்லை, உங்கள் தொகுப்பு நன்றாக இருந்திருக்கலாமே என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பதாவது நாள் மாலை. ரயில் ஓடி இருபது நிமிடம் ஆகியிருக்கும், நான்காவது பெட்டி மட்டும் ஒரு முறை மங்கி, திரும்ப எரிந்து, அணைந்தது. நானும் முதலில் தண்டவாள அழுக்கு என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போனதும் மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம். பெட்டியைக் கையில் எடுத்தால் கழிப்பறைப் பக்கம் கூரை ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிற்கிறது. கூரையைக் கழற்றிப் பார்த்தேன். தொகுப்போடு வந்த உங்கள் செய்முறைத் துண்டுச் சீட்டில் காட்டியிருந்தபடியே கழிப்பறைத் தடுப்புக்குள் படுக்க வைத்திருந்த கெபாசிட்டர், மேல் தகட்டில் இருக்கும் சிலுவைக் கோடு பிளந்து வாய் திறந்து கிடந்தது. பழுப்பு நிறத் திரவம் தடுப்பைத் தாண்டி முதல் இரண்டு வரிசை இருக்கை வரை வழிந்திருந்தது. அந்த இருக்கைகளில் என் மகள் வண்ணம் தீட்டிய பயணிகள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர் உயரம்தான், மூன்று முடி மட்டும் உள்ள தூரிகையை வைத்து, ஒரு பாட்டிக்கு கண்ணாடி, ஒரு பையனுக்கு கோடு போட்ட சட்டை என்று நாளுக்கு ஒன்றாகச் செய்தது. பாட்டியின் முகம் இப்போது வெறும் பழுப்புப் புள்ளி. துடைத்தால் வண்ணமும் சேர்ந்து வருகிறது.

கெபாசிட்டரின் உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 470 மைக்ரோஃபாரட், 16 வோல்ட்.

தொகுப்பின் உறையில் 24, உள்ளே 16. இதுதான் என் முதல் புகார், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். என் கண்ட்ரோலர் தண்டவாளத்துக்கு 18 வோல்ட் தருகிறது. பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் எந்த நேரமும் இரண்டு டயோடு வழியாக மின்சாரம் போகும், அதில் ஏறக்குறைய 1.4 வோல்ட் கழியும். மீதி 16.6 வோல்ட் நேராகக் கெபாசிட்டர் மேல். மல்டிமீட்டர் வைத்து மற்ற ஐந்திலும் அளந்தேன், எல்லாவற்றிலும் 16.5க்கு மேல்தான் காட்டியது. 16 வோல்ட் என்பது அந்தக் கெபாசிட்டரின் உச்ச வரம்பு, தினமும் அங்கேயே வைத்து ஓட்டச் சொன்ன அளவு இல்லை, கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் யாரும் தேர்ந்தெடுப்பார்கள். இதிலோ வரம்பையே தாண்டியிருக்கிறது. நீங்கள் சொல்லும் 24 வோல்ட்டை ஒருவர் நம்பிக் கொடுத்திருந்தால் 22.6 வோல்ட் விழுந்திருக்கும், அது ஒன்பது நாள் கூடத் தாங்கியிருக்காது.

18 வோல்ட் அதிகம் என்று தயவு செய்து பதில் எழுதாதீர்கள். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் (என்எம்ஆர்ஏ) வெளியிட்ட எஸ்-9.1 தரவிதியே, 'N' எனப்படும் சிறிய அளவை விடப் பெரிய ரயில்களுக்கான டிகோடர், அதாவது டிசிசி கட்டளையைப் படிக்கும் சில்லு, 27 வோல்ட் தாங்க வேண்டும் என்கிறது, எச்ஓ அதில்தான் வரும். உங்கள் பலகை டிகோடர் இல்லைதான், ஆனால் அதே தண்டவாளத்தில் அதே மின்சாரத்தைத்தானே வாங்குகிறது? 35 வோல்ட் கெபாசிட்டர் போட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. உடம்பு கொஞ்சம் பெருத்திருக்கும், அவ்வளவுதான். இடம் போதாது என்றால் 220 மைக்ரோஃபாரட் போட்டிருக்கலாம், தடம் பிரியும் இடத்தில் மின்சாரமே வராத பிளாஸ்டிக் துண்டைத் தாண்ட அதுவே போதும். பத்து மில்லிஆம்பியர் இழுக்கும் ஒரு விளக்குப் பலகைக்கு 470 மைக்ரோஃபாரட் கால் நொடி வரை தாக்குப் பிடிக்கும், பெட்டி அந்தப் பிளாஸ்டிக் துண்டைத் தாண்ட அதில் பாதிகூட ஆகாது.

இதே கெபாசிட்டரால் வந்த இன்னொரு தொல்லை. ஆறு பெட்டியையும் தண்டவாளத்தில் வைத்துவிட்டு கண்ட்ரோலரைப் போட்டால் உடனே ஷார்ட் என்று காட்டி அணைந்துவிடுகிறது. காலியாக இருக்கும் ஆறு கெபாசிட்டரும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை உறிஞ்சும்போது கண்ட்ரோலருக்கு அது ஷார்ட் மாதிரிதான் தெரியும். உங்கள் பலகையில் அதைத் தடுக்க எதுவுமே இல்லை. நானே ஒவ்வொன்றிலும் கெபாசிட்டருக்கு முன்னால் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், வெளியே வரும் மின்சாரம் தடையில்லாமல் போக அதற்கு இணையாக ஒரு டயோடும் சால்டர் செய்தேன். அப்புறம் ஒரு முறை கூட அணையவில்லை. இரண்டே இரண்டு உதிரி. வாங்குகிறவன் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையா இது?

அடுத்தது "எந்தப் பெட்டிக்கும் பொருந்தும்" என்பது. என் பெட்டிகளில் இருந்தது பிளாஸ்டிக் சக்கரம். அதில் எப்படி மின்சாரம் வரும்? உலோகச் சக்கரம் வேண்டும் என்று உறையில் ஒரு வரி இல்லை, துண்டுச் சீட்டிலும் இல்லை. பெட்டிக்கு நான்கு அச்சு, ஆறு பெட்டிக்கு இருபத்து நான்கு அச்சு தனியாக வாங்கினேன். அச்சின் நீளம் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொரு மாதிரி, ஆகவே முதலில் வாங்கியது பொருந்தாமல் திருப்பிக் கொடுத்து வேறு வாங்க வேண்டியிருந்தது. சக்கரம் கிடைத்த பிறகும் முடியவில்லை. உலோகச் சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் அச்சோடு மின்தொடர்பு இருக்கும், மறுபக்கம் தடுத்திருக்கும். ஒரு போகியில் (பெட்டியின் ஒரு முனையில் அடியில் இருக்கும் சக்கரச் சட்டம்) இரண்டு அச்சும் ஒரே பக்கம் பார்த்து இருக்க வேண்டும், எதிர்ப் போகியில் மறுபக்கம் பார்க்க வேண்டும். ஒரு அச்சை மாற்றிப் போட்டாலும் அச்சிலிருந்து மின்சாரம் எடுக்கும் உங்கள் செம்புத் தகடு வழியாக இரண்டு தண்டவாளமும் ஒன்று சேர்ந்துவிடும். துண்டுச் சீட்டின் படத்தில் எல்லாச் சக்கரமும் ஒரே மாதிரி வரைந்திருக்கிறது. இதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர், முதல் முறை பிள்ளைக்காக வாங்கிய ஒருவர், என்ன செய்வார்? பெட்டி கெட்டுவிட்டது என்று பரணில் தூக்கிப் போட்டுவிடுவார்.

அந்தச் செம்புத் தகடும் சரியில்லை. அச்சைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டியது அச்சைப் பிடித்து இழுக்கிறது. ஒரு மீட்டர் நீளப் பலகையில் பெட்டியை வைத்து ஒரு முனையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். தகடு இல்லாத பெட்டி இரண்டு சென்டிமீட்டர் உயரத்திலேயே தானாக உருண்டது. தகடு மாட்டிய பெட்டி ஆறரை சென்டிமீட்டர் தூக்கும் வரை அசையவில்லை. ஆறு பெட்டியும் இப்படி இருந்தால் இன்ஜின் என்ன செய்யும், மேட்டில் சக்கரம் சுற்றிக்கொண்டே அதே இடத்தில் நிற்கிறது. தகட்டை எடுத்துவிட்டு, மெல்லிய பாஸ்பர் வெண்கலக் கம்பியை அச்சின் மேல் பட்டும் படாமல் வளைத்து வைத்ததும் மூன்று சென்டிமீட்டரில் உருள்கிறது. வேண்டுமானால் அந்தக் கம்பியின் அளவைத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஆறில் நான்கு இளமஞ்சள், இரண்டு நீலம் கலந்த வெள்ளை. ஒரே ரயிலில் அடுத்தடுத்து வரும்போது கண்ணை உறுத்துகிறது. கூரையின் உள்பக்கம் கறுப்பு வண்ணம் அடிக்காமல் விளக்குப் பட்டையை ஒட்டினால் கூரை முழுக்க ஒளி கசியும் என்பதையும் துண்டுச் சீட்டில் சேர்த்துவிடுங்கள்.

இப்போது எனக்கு வேண்டியது. ஆறு தொகுப்புக்கும் பதிலாக 35 வோல்ட் கெபாசிட்டர் உள்ள ஆறு, எல்லாம் ஒரே நிறத்தில். உங்களிடம் அப்படி ஒன்று இல்லையென்றால் முழுப் பணமும் திருப்பித் தர வேண்டும். கெட்டுப்போன நான்காவது பெட்டிக்கும் நீங்கள்தான் பொறுப்பு, கூரையும் உள்அமைப்பும் தனியாகக் கிடைப்பதில்லை, பெட்டியாகத்தான் வாங்க வேண்டும். என் மகளின் பொம்மைகளுக்கு நான் விலை கேட்கவில்லை, அதற்கு உங்களிடமிருந்து ஒரு மன்னிப்பு வார்த்தை வந்தால் அவளிடம் படித்துக் காட்டுவேன்.

எனக்குக் கொடுப்பதை விட முக்கியமானது இன்னொன்று இருக்கிறது. கடைகளில் இருக்கும் மீதித் தொகுப்புகளில் அந்த 24ஐ அடித்துவிட்டு உண்மையான அளவைப் போடுங்கள், அல்லது சரி செய்யும் வரை விற்பதை நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தெரியப்படுத்துங்கள். நான் பக்கத்தில் இருந்ததால் உடனே அணைத்தேன். ரயிலை ஓட விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலும் இதே பலகைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வெடித்த கெபாசிட்டர், பலகை, கறை படிந்த உள்அமைப்பு மூன்றையும் தூக்கிப் போடாமல் ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். 16 வோல்ட் என்ற எழுத்து தெளிவாகத் தெரியும் படம், மல்டிமீட்டர் அளவுகளின் படங்கள், வாங்கிய ரசீது எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன். பலகையையும் பார்க்க வேண்டும் என்றால் முகவரி சொல்லுங்கள், அனுப்புகிறேன். பதினைந்து நாளுக்குள் பதில் வர வேண்டும். தண்டவாளம் சுத்தமாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆறு தொகுப்பு வாங்கிய வாடிக்கையாளர்