நான்கு கிலோ கணக்கு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

முடி கொட்டுகிறது, ஷாம்புவை மாற்றிப் பார்க்கிறேன் என்று போனில் சொன்னாய். உன் அம்மா தண்ணீரைக் குறை சொல்கிறாள். எனக்கென்னவோ இரண்டும் இல்லை என்று படுகிறது. இரண்டரை மாதத்துக்கு முன்னால் ஒரு வாரம் வெறும் ஜூஸ், அதற்கப்புறம் சில வாரம் அரைவயிறு என்று இருந்தாயே, அதைத்தான் சந்தேகப்படுகிறேன். சாப்பாட்டைத் திடீரென்று வெட்டினால் முடியின் வேர்கள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் முடி அன்றைக்கே உதிராது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சீப்பில் கொத்தாக வரும். அதற்குள் டயட் மறந்துபோயிருக்கும், பழி ஷாம்புவின் மேல் விழும். பயப்படாதே, பெரும்பாலும் தானாகவே முளைத்துவிடும். தைராய்டும் இரும்புச்சத்தும் மட்டும் ஒரு தடவை பார்த்துவிடு.

அதே ஜூஸ் டயட்டை மறுபடி தொடங்கப்போகிறேன் என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய்.

முதல் வாரமே நான்கு கிலோ போயிற்று என்று அப்போது குதித்தாய். கணக்குப் போட்டுப் பார். உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ கரைய சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நான்கு கிலோவுக்கு 30,000-க்கு மேல். உன் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிப்பது 2,000 என்று வைத்துக்கொண்டாலும் வாரத்துக்கு 14,000தான். அதாவது ஏழு நாளும் ஒரு பருக்கைகூடச் சாப்பிடாமல் கிடந்திருந்தாலும் இரண்டு கிலோ கொழுப்பு கரைந்திருக்காது. நீயோ ஜூஸ் வேறு குடித்தாய்.

அப்படியானால் தராசில் குறைந்தது என்ன? கல்லீரலிலும் தசையிலுமாக உடம்பு சுமார் அரைக் கிலோ மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் கரைவது இந்தச் சேமிப்புதான். கூடவே தண்ணீரும் போய்விடும். குடல் காலியானதும் கொஞ்சம், தசை கரைந்ததும் கொஞ்சம். பழையபடி சாப்பிட ஆரம்பித்த சில நாளில் பாதி எடை திரும்பிவிட்டது என்று அழுதாயே, அது தண்ணீர் திரும்பியதுதான். உன்மேல் தப்பில்லை. 'நச்சு வெளியேறுகிறது' என்ற பேச்சையும் விடு. கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வேலையை விடுமுறை இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று சொன்னாய் பார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். எல்லோரும் தாங்களாகவே முன்வந்தவர்கள். ஆறு மாதம் வழக்கமான சாப்பாட்டில் ஏறக்குறைய பாதிதான். என்ன ஆனார்கள் தெரியுமா? தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களை வாங்கி அடுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் படித்தார்கள். எரிச்சல், சோர்வு, எதிலும் பிடிப்பில்லை. சோதனை முடிந்த பிறகும் பல பேர் வயிறு நிறைந்தது தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பட்டினி போட்டால் மனித உடம்பு இப்படித்தான் நடந்துகொள்ளும். ராத்திரி பதினொரு மணிக்கு நீ பிஸ்கட் டப்பாவைத் திறந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, கீட்டோ? மாவுச்சத்தை அடியோடு குறைத்துக் கொழுப்பை நிறையச் சாப்பிடுகிற அது, 1921-இல் வலிப்பு நோய்க்காக உருவான உணவு முறை. எடை குறைக்க வந்ததே இல்லை. மாவுச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை வைத்து ஒரு வருஷம் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது: ஒரு பக்கம் சராசரியாக 6 கிலோ, இன்னொரு பக்கம் 5.3 கிலோ. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் நிறையக் குறைந்தவர்களும் இருந்தார்கள், ஏறியவர்களும் இருந்தார்கள். ஆகவே எந்த டயட் என்று தேடி அலையாதே. எதை அடுத்த வருஷமும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவாயோ அதுதான் உனக்கு.

உனக்கு உண்மையில் எவ்வளவு குறைய வேண்டும் என்பதையும் யோசி. ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதால்தானே இதெல்லாம் ஆரம்பித்தது? அந்த நிலையில் இருந்தவர்களை வைத்து நடந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிஷம் வேகமாக நடப்பது. இலக்கு அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்குள் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. நீ 80 கிலோ என்றால் 7 சதவீதம் ஆறு கிலோவுக்குள். இருபது கிலோ கனவை இப்போதைக்கு மூட்டை கட்டு.

நாளுக்கு 500 கலோரி குறைந்தால் போதும், ஆரம்பத்தில் வாரம் அரைக் கிலோ இறங்கும். போகப்போக வேகம் குறையும், உடம்பு இளைத்தால் செலவும் இளைக்கும். முதலில் குடிக்கிற சர்க்கரையை நிறுத்து, பழ ஜூஸும் அதில் சேர்த்தி. பழத்தை அப்படியே கடித்துத் தின்பது வேறு. ஒவ்வொரு வேளையும் முட்டையோ மீனோ பயறோ, ஏதாவது புரதம் இருக்கட்டும். பாக்கெட் தீனி வாங்கி வீட்டில் வைக்காதே. அதை மட்டுமே கொடுத்து நடத்திய ஒரு ஆய்வில் ஆட்கள் தங்களை அறியாமலே தினம் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஜிம்மில் சேரட்டுமா என்று கேட்டாய். சேர், ஆனால் டிரெட்மில்லிலேயே நிற்காமல் எடையும் தூக்கு, தசை கரையாமல் இருக்கும். ராத்திரி ஒன்றரை மணி வரை போனைப் பார்ப்பது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தினமும் தராசில் ஏறி மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில். மாதவிடாய் நாட்களை ஒட்டி ஒரு கிலோ ஏறித் தெரியலாம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அம்மா எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா